கேம் நல்லாத்தான் இருக்கு, விளையாடத்தான் முடியல: இருண்ட உலகங்கள் பற்றி அடிக்கடி வரும் கேள்விகள்

மதுரையில் மணிக்கணக்குக்கு பிளேஸ்டேஷன் விடும் சின்னக் கடை என்னுடையது. டிஸ்க் வாடகைக்கும் போகும். முடிக்காமல் திரும்பி வரும் டிஸ்க்குகளில் ஒரு ரகம் உண்டு. கொண்டு வருகிறவர்கள் கேமைக் குறை சொல்லவே மாட்டார்கள். படம் அருமை, சண்டை அருமை, கதையும் அருமை என்பார்கள். அந்த உலகத்துக்குள் மறுபடி போக மட்டும் மனசு வரவில்லை என்பார்கள். அவர்கள் கேட்டதும், அவர்கள் வீட்டார் வந்து கேட்டதும் இங்கே இருக்கிறது. எந்தக் கதையின் முடிவையும் சொல்லவில்லை. தொடக்கத்திலும் நடுவிலும் வரும் சில காட்சிகளைச் சொல்லாமல் பேச முடியாது, அதை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணே, ஊரே தலையில தூக்கிவச்சு ஆடுற கேம். எனக்கு மட்டும் எழவு வீட்டுல உக்காந்திருக்க மாதிரி இருக்கு. கோளாறு எங்கிட்டயா?

இல்லை தம்பி. இந்தக் கேள்வியோடு வருகிறவர்களில் பலர் கையில் இருப்பது ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’. 2013-ல் வந்தது. தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே அப்பன் கையிலேயே மகள் உயிர் போகும். அதற்குப் பிறகு இருபது வருஷம் தாண்டி, ஒரு பூஞ்சைத் தொற்றில் பாழாய்ப்போன நாட்டில் அந்த அப்பன் எப்படி இறுகிப்போனான் என்று காட்டுவார்கள். உங்கள் மனசு கனக்க வேண்டும் என்று நினைத்துத்தான் அதைச் செய்தார்கள், கனத்துவிட்டது. அப்படியிருக்க, கேம் உங்களுக்குப் புரியவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். புரிந்ததால்தான் வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள்.

ஆனால் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். கன்ட்ரோலரைக் கீழே வைத்த பிறகு மனசில் என்ன ஓடுகிறது? ‘பாஸ்’ என்கிற அந்தப் பெரிய எதிரியை அடுத்த தடவை எப்படி அடிக்கலாம் என்று ஓடினால் கேம் கஷ்டமாக இருக்கிறது, அவ்வளவுதான். செத்துப்போன பாத்திரத்தின் முகம் ஓடினால் அதுதான் நாம் பேசும் கனம். ஒன்றுமே ஓடாமல் கை தானாக ரீல்ஸ் பக்கம் போனால் உங்களுக்குப் போரடித்துவிட்டது, பழியை இருட்டின் மேல் போடாதீர்கள்.

அழுகாச்சிப் படம்னா தியேட்டர்ல உக்காந்து முழுசா பாத்துருவேன். கேம்ல மட்டும் ஏன் தாங்கல?

படம் இரண்டரை மணி நேரம். விளக்கைப் போட்டுவிடுவார்கள், வெளியே வந்து ஒரு பருத்திப்பால் குடித்தால் வாயில் இனிப்பு வந்துவிடும். ‘விட்சர் 3’ போன்ற கேமில் முக்கியக் கதையை மட்டும் முடிக்கவே ஐம்பது மணி நேரம் ஆகிறது. வேலை முடிந்து தினம் இரண்டு மணி நேரம் விளையாடினால் கிட்டத்தட்ட ஒரு மாதம் அந்தப் போர் பாழாக்கிய ஊர்களில் குடியிருக்கிறீர்கள்.

அடுத்தது, கை. படத்தில் கதாநாயகன் செய்கிறான், நாம் பார்க்கிறோம். கேமில் பட்டனை அழுத்துவது நம் விரல். 2013-ல் லூகாஸ் போப் என்பவர் செய்த ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ என்ற கேமில் பெரிய ரத்தக்களரி கிடையாது, பெரிய படக்காட்சியும் கிடையாது. ஆர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை நாட்டின் எல்லையில் நீங்கள் பாஸ்போர்ட் பார்க்கும் குமாஸ்தா. எத்தனை பேரைச் சரியாகப் பார்த்து அனுப்புகிறீர்களோ அதற்குத்தான் கூலி. ராத்திரி வீட்டுக்கு வந்தால் அந்தக் கூலியில் வாடகை, சாப்பாடு, குளிருக்கு அடுப்பு எல்லாம் ஓட வேண்டும். ஒரு நாள் ஒருவர் சரியான காகிதங்களோடு வருவார். எனக்குப் பின்னால் என் மனைவி வருகிறாள், கொஞ்சம் இரக்கம் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போவார். மனைவியிடம் ஒரு காகிதம் குறையும். முத்திரை உங்கள் கையில். ஒரு முத்திரையைக் குத்துவதற்கு முன்னால் ஒரு நிமிடம் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவர்களை என் கடையிலேயே பார்த்திருக்கிறேன். துப்பாக்கி கேமில் நூறு பேரைச் சுட்டுத் தள்ளும் அதே பையன்கள்தான்.

இதே உத்தியைக் குறுக்குவழியில் செய்கிற கேம்களும் உண்டு. 2012-ல் வந்த ‘ஸ்பெக் ஆப்ஸ்: தி லைன்’ புழுதியில் புதைந்த துபாயில் நடக்கிறது. ஒரு கட்டத்தில் வெள்ளைப் பாஸ்பரஸ் குண்டை வீசச் சொல்லும். வீசாமல் அந்த இடத்தைத் தாண்ட வழியில்லை. வீசிய பிறகு, எரிந்து கிடக்கிறவர்கள் நடுவே உங்களை நடக்க வைக்கும். பெரிய படைப்பு என்று கொண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள். வேறு கதவே வைக்காமல் உள்ளே தள்ளிவிட்டு ஏன் வந்தாய் என்று கேட்பதில் எனக்குப் பாதி மரியாதைதான். இங்கே உங்களுக்குக் கோபம் வந்தால் அது நியாயமான கோபம்.

மூன்றாவதை யாரும் யோசிப்பதில்லை. தனிமை. நம் பக்கம் ஒரு சாவு விழுந்தால் தெருவே வந்து உட்காரும். ஒப்பாரி வைக்க ஆள் இருக்கும், நடுவில் யாராவது செத்தவரின் பழைய சேட்டையைச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைப்பார், டீ வந்துகொண்டே இருக்கும். கேமில் அப்படியில்லை. ராத்திரி ஒரு மணி, காதில் ஹெட்செட், வீடு முழுக்கத் தூக்கம், எதிரே பாழான உலகம். கடை சோபாவில் இரண்டு பேர் உட்கார்ந்து “டேய் மாப்ள, அந்தாள நம்பாதடா, மூஞ்சியே சரியில்ல” என்று பேசிக்கொண்டே கடக்கிற இடத்தை, வீட்டில் தனியாகக் கடக்க முடியாமல் அதே ஆள் திருப்பிக் கொண்டுவருகிறார். அதனால் நான் முதலில் சொல்வது இதுதான். டிஸ்க்கை மாற்றுவதற்கு முன்னால், பக்கத்தில் ஒரு ஆளை உட்கார வைத்துப் பாருங்கள்.

இருட்டு கேம்னா எல்லாம் ஒண்ணுதானண்ணே?

அதுதான் இல்லை. கவர் படத்தைப் பார்த்து முடிவு செய்கிறவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள்.

‘டார்க் சோல்ஸ்’ எடுத்துக்கொள்ளுங்கள். 2011-ல் ஜப்பானில் ஹிதேதகா மியாசாகி இயக்கியது. நெருப்பு அணையப்போகும் உலகம், பாதிப் பேர் புத்தி பேதலித்தவர்கள், மீதிப் பேர் எலும்பு. பார்த்தால் இதைவிட நம்பிக்கையற்ற இடம் கிடையாது. ஆனால் விளையாடிப் பாருங்கள். நீங்கள் அடித்து வீழ்த்திய பாஸ் மறுபடி எழுந்து வருவதில்லை. திறந்த குறுக்குவழி திறந்தே இருக்கும். எங்கோ ஒரு நாட்டில் விளையாடும் முகம் தெரியாத ஒருவர், முன்னால் ஆபத்து என்று தரையில் எழுதிவைத்துவிட்டுப் போயிருப்பார். கனல் எரியும் இடத்தில் போய் உட்கார்ந்தால் காயமெல்லாம் ஆறும். உலகம் இருட்டு, ஆனால் உங்கள் உழைப்புக்குக் கூலி உண்டு. இதைத் திருப்பிக் கொண்டுவருகிறவர்கள் தோற்றுத் தோற்று எரிச்சலில்தான் வருகிறார்கள், மனம் உடைந்து யாரும் வருவதில்லை.

இதற்கு நேர் எதிர் ‘திஸ் வார் ஆஃப் மைன்’. போலந்தின் 11 பிட் ஸ்டுடியோஸ், 2014. 1992 முதல் 1996 வரை சரயேவோ நகரம் முற்றுகையில் கிடந்ததை மனதில் வைத்துச் செய்தது. நீங்கள் சிப்பாய் அல்ல. இடிந்த வீட்டில் ஒண்டியிருக்கும் சாதாரணச் சனம். பகலில் ஓட்டையை அடைப்பீர்கள், ராத்திரி பொறுக்கப் போவீர்கள். போகக்கூடிய இடங்களில் ஒரு வீட்டில் கிழவனும் கிழவியும் இருப்பார்கள். அவர்களிடம் சாப்பாடும் மருந்தும் இருக்கும், எதிர்த்து நிற்கத் தெம்பு இருக்காது. எடுத்துக்கொண்டு வந்தால் யாரும் உங்களைத் தடுக்கப் போவதில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும்: எடுத்தவன் சோர்ந்து உட்கார்ந்துவிடுவான், மற்றவர்களும் முகம் தொங்கிப் போவார்கள். இங்கே உங்கள் கை எல்லாவற்றையும் மாற்றும். ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார்.

அதே கம்பெனி 2018-ல் ‘ஃப்ராஸ்ட்பங்க்’ செய்தது. உறைந்த உலகம், நடுவில் ஒரு பெரிய கொதிகலன், சுற்றிலும் உங்களை நம்பி வந்த சனம். நிலக்கரி வெட்ட ஆள் பற்றாது. சிறுவர்களை வேலைக்கு அனுப்பலாமா என்று சட்டப் புத்தகம் கேட்கும். திரையின் அடியில் நம்பிக்கைக்கு ஒரு கோடு, அதிருப்திக்கு ஒரு கோடு. அந்த இரண்டு கோட்டையும் பார்த்துக்கொண்டே எதை எதையெல்லாம் ஒப்புக்கொண்டோம் என்பது முடிக்கும்போதுதான் உறைக்கும்.

‘டார்க்கஸ்ட் டஞ்சன்’ (2016) வேறு மாதிரி. அங்கே பயமும் மன அழுத்தமும் எண்ணாகவே ஓடும்: நூறைத் தொட்டால் ஆள் நிலைகுலைவான், இருநூறைத் தொட்டால் மாரடைப்பு. கணக்காகிவிட்டதால் பலருக்கு அது பாரமாக இருப்பதில்லை. வீரர்களுக்குச் சொந்தக்காரர்கள் பெயரை மட்டும் வைக்காதீர்கள். சின்ன மாமா பெயரை வைத்து அவர் இரண்டாவது குகையிலேயே போய்விட்டால், அடுத்த விசேஷத்தில் அவரை நேருக்கு நேர் பார்க்க முடியாது.

‘பாத்தாலஜிக் 2’ (2019) ரஷ்யாவில் செய்தது. கொள்ளைநோய் புகுந்த ஊர், பன்னிரண்டு நாள், நீங்கள் மருத்துவர். எல்லாரையும் காப்பாற்ற முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடும். இதைச் செய்தவர்கள் மேல் எனக்குப் பெரிய மதிப்பு. யாருக்கும் சிபாரிசு செய்ததில்லை.

இத்தனையும் பார்த்து எனக்கென்று ஒரு அளவுகோல் வந்திருக்கிறது. ஒரு உலகத்தில் எத்தனை பேர் சாகிறார்கள் என்பதை நான் பார்ப்பதில்லை. செத்தவனுக்காக அழ அங்கே ஆள் இருக்கிறதா என்று பார்ப்பேன். மூலைக்கு மூலை பிணத்தைக் கிடத்திவிட்டு, அதைத் தாண்டிப் போகிற ஒருவரும் திரும்பிப் பார்க்காத கேம்கள் உண்டு. பிணம் அங்கே அறைகலன் ஆகிவிடுகிறது. அந்த மாதிரி உலகத்தில் பத்து மணி நேரம் இருந்தால், எது நடந்தாலும் என்ன என்று நமக்கே ஆகிவிடுகிறது. பலர் கனம் என்று சொல்வது, விசாரித்துப் பார்த்தால், இந்த மரத்துப்போதலைத்தான்.

மதுரையே பத்தி எரிஞ்ச கதையத்தான் நம்ம சின்னப் புள்ளையில இருந்து கேட்டு வளர்ந்தோம். அதவிடவா இருட்டு?

நல்ல கேள்வி, ஒரு பெரியவர் கேட்டது. பேரனை அழைத்துப்போக வந்தவர்.

கண்ணகி கதையில் புருஷன் கொலையுண்டான், அரசன் செத்தான், அரசி செத்தாள், நகரம் எரிந்தது. இதைவிட மோசமாக ஒரு கேம் எழுத முடியாது. ஆனால் அங்கே ஒருத்தி தலைவிரி கோலமாக அரசவைக்குப் போய் நியாயம் கேட்கிறாள். சிலம்பை உடைத்துக் காட்டுகிறாள், தப்பு யார் மேல் என்று சபையறிய நிரூபிக்கிறாள். தீர்ப்புச் சொன்னவனே தன் தப்பை ஒப்புக்கொண்டு உயிர் விடுகிறான். நெருப்பை ஏவும்போதுகூட முதியோரையும் குழந்தைகளையும் விட்டுவிடு என்று சொல்லித்தான் ஏவுகிறாள். எரிந்த ஊருக்குக் காரணம் இருக்கிறது, கேட்பதற்கு ஒரு குரல் இருக்கிறது.

1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டையே தின்றது. அதை நம் சனம் கும்மிப்பாட்டாகக் கட்டியது. பட்டினியைப் பாடிக் கைதட்டிச் சுற்றி வந்திருக்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. பாலைத்திணைப் பாட்டுகளிலும் அப்படித்தான்: வெந்த காடு, வழிப்பறி, நீரில்லாத சுனை எல்லாம் வரும். ஆனால் அந்தக் காட்டில் நடக்கிறவன் வீட்டில் விட்டு வந்தவளை நினைத்துக்கொண்டேதான் நடக்கிறான். நமக்குச் சோகம் பழக்கம்தான். துணையில்லாத, காரணமில்லாத, யாரும் கேட்காத சோகம்தான் பழக்கமில்லை. கேம்களில் அதைத்தான் சில பேர் முதிர்ச்சி என்று விற்கிறார்கள்.

இம்புட்டு இருட்டா ஏன்தான் எடுக்கிறாய்ங்க?

பாதி ஃபேஷன். ஒரு சாம்பல் நிறக் கேம் ஓடினால் பின்னாலேயே பத்து சாம்பல் நிறக் கேம் வரும்.

மீதிப் பாதி வாழ்க்கை. ‘ஸ்டாக்கர்’ கேம்களைச் செய்தவர்கள் உக்ரைனின் கீவ் நகரத்துக்காரர்கள். அந்தக் கதை நடக்கும், அணு உலை வெடித்த செர்னோபில் அவர்களுக்குப் பக்கத்து ஊர். முதல் பாகம் 2007-ல் வந்தது. இரண்டாம் பாகத்தைச் செய்துகொண்டிருக்கும்போதே 2022-ல் அவர்கள் நாட்டின் மேல் படையெடுப்பு. ஒரு பகுதி ஆட்கள் ப்ராக் நகரத்துக்கு இடம் மாறி வேலை செய்ய, 2024 நவம்பரில் வெளியானது. அந்த இருட்டை நான் ஃபேஷன் என்று சொல்ல மாட்டேன்.

இன்னொரு பக்கமும் உண்டு. போரில் தப்பி வந்து நம் ஊர்ப் பக்கம் முகாம்களில் வளர்ந்த குடும்பங்கள் எத்தனை! அந்த வீட்டுப் பிள்ளை முற்றுகைக் கேமைப் பார்த்து எனக்கு வேண்டாம் என்று சொன்னால் அதற்கு விளக்கம் கேட்கக்கூடாது.

நிறத்தை மாத்துனா சரியாகுமா? எனக்கு அந்தச் சாம்பக் கலரே புடிக்கல.

பாதிப் பேருக்கு ஆகும். 2008-ல் வந்த ‘ஃபால்அவுட் 3’ முழுக்கப் பாசி பிடித்த பச்சை. அடுத்து 2015-ல் வந்த நான்காம் பாகத்தில் அதே அணுகுண்டுப் பாழ்நிலம்தான், மேலே நீல வானம் வைத்தார்கள். விளையாடுகிறவர்கள் மூச்சு விட்டார்கள். கணினியில் விளையாடினால் நிறம் மாற்றும் ‘மாட்’கள், அதாவது கேமை மாற்றும் கூடுதல் கோப்புகள், கிடைக்கும். ‘விட்சர் 3’-ல் வேலன் என்ற பகுதி தாங்கவில்லை என்றால், மரத்தில் பிணங்கள் தொங்கும் அந்த ஊர்தான், அதைத் தாண்டினால் நிலைமை கொஞ்சம் மாறும். 2016-ல் வந்த ‘ப்ளட் அண்ட் வைன்’ கூடுதல் பகுதி திராட்சைத் தோட்டமும் வெயிலுமாக இருக்கும். கொலை அங்கேயும் உண்டு, ஆனால் வானம் பளிச்சென்று இருக்கும்.

‘செல்டா: ப்ரெத் ஆஃப் தி வைல்ட்’ (2017) கூட நூறு வருஷத்துக்கு முன்னால் அழிந்த ராஜ்யத்தில்தான் நடக்கிறது. இடிந்த கோட்டை மேல் புல் முளைத்திருக்கிறது, குதிரை கட்ட இடம் இருக்கிறது, காளான் போட்டுச் சமைக்கலாம். அழிவுக்குப் பிறகு என்று யாருக்கும் தோன்றுவதே இல்லை.

பேய் கேமும் இதுவும் ஒண்ணா?

இல்லை. பேய் கேமில் பயந்து, கத்தி, சிரித்து முடிந்துவிடும். கடையில் கூட்டம் அதிகம் சேர்வது அதற்குத்தான்.

ஈஸி மோடு போட்டா மனசு லேசாகுமா?

பாடு குறையும், பாரம் குறையாது. கதை எழுதியபடியேதான் நடக்கும்.

விதிவிலக்காக, பசியும் குளிரும் நேரமும் துரத்துவதால் கனமாக இருக்கும் கேம்களில் இது உதவும். ‘தி லாங் டார்க்’ கனடாவின் பனிக்காட்டில் உயிர் பிழைக்கும் கேம். அதில் ‘பில்கிரிம்’ என்ற நிலையில் ஓநாய் உங்களைப் பார்த்து ஓடிவிடும், பனியைப் பார்த்துக்கொண்டு நடக்கலாம். ‘ஃப்ராஸ்ட்பங்க்’-ல் முடிவில்லாமல் ஊர் கட்டும் மோடில் ‘செரினிட்டி’ என்று ஒன்று உண்டு. ‘பாத்தாலஜிக் 2’ வெளியாகிச் சில வாரங்களிலேயே கஷ்டத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியைச் சேர்த்தார்கள். ‘அது எங்கள் நோக்கமில்லை’ என்ற முகச்சுளிப்போடுதான் சேர்த்தார்கள். இருந்தாலும் பயன்படுத்துங்கள். காசு கொடுத்தது நீங்கள்.

தம்பி, எம் மகன் விளையாடுறதுல ஒரே பொணமாக் கெடக்கு. பிளஸ் ஒன் படிக்கிறான். கெட்டுப்போயிருவானாப்பா?

அக்கா, முதலில் கவரைப் பாருங்கள். மேலே 18 என்று போட்டிருந்தால் அது எத்தனை லெவல் என்ற கணக்கு இல்லை, வயசு. நான் பேசிய கேம்களில் பல அந்த ரகம். பிளஸ் ஒன் பையனுக்கு நானே கொடுப்பதில்லை, ஆனால் ஃபோனிலும் கணினியிலும் என்ன இறங்குகிறது என்பது என் கையில் இல்லை. பிளே ஸ்டோரிலும் வயசு போட்டிருக்கும்.

அடுத்தது, ஒரு அரை மணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள். திட்டுவதற்கு அல்ல. இது யாரு, இவன் ஏன் அழறான், நீ இதில யாரு என்று கேளுங்கள். பையன் பாத்திரங்களின் பெயரைச் சொல்லி, இவனுக்கு இப்படி ஆகிப்போச்சும்மா என்று வருத்தப்பட்டால் அவன் கதைதான் பார்க்கிறான். 2020-ல் போலந்து அரசு ‘திஸ் வார் ஆஃப் மைன்’ கேமைப் பள்ளிகளுக்கான பரிந்துரைப் பட்டியலிலேயே சேர்த்தது, பதினெட்டு நிறைந்த மாணவர்களுக்கு. ஆசிரியர் பக்கத்தில் இருந்தால் இருட்டும் பாடம்தான் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டிய இன்னொன்று: என் கடையில் கெட்ட வார்த்தையும் கைகலப்பும் வருவது இந்தச் சோகக் கேம்களால் அல்ல. பளிச்சென்ற நிறத்தில், பாட்டும் ஆட்டமுமாக இருக்கும் ஃபோன் சண்டைக் கேம்களால்தான். நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

கேமை நிறுத்தி நாள் கணக்காச்சு. இன்னும் மனசு தெளியல.

அப்படியென்றால் அது கேமோடு நிற்கும் விஷயமல்ல. தூக்கம், சாப்பாடு, பேச்சு குறைந்திருந்தால் வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண் 14416, இலவசம், தமிழில் பேசலாம், எந்த நேரமும் எடுப்பார்கள். கேமைப் பற்றிச் சொன்னால் சிரிப்பார்களோ என்று தயங்க வேண்டாம்.

நேரமும் காலமும் பாருங்கள். ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ இரண்டாம் பாகம் 2020 ஜூன் 19-ல் வந்தது. ஜூன் 24-ல் மதுரையில் மறுபடி முழு ஊரடங்கு. வெளியே ஆம்புலன்ஸ் சத்தம், உள்ளே தொற்றில் அழிந்த உலகம். அந்த வாரம் அதைத் தொட முடியவில்லை என்று சொன்னவர்கள் பின்னால் ஒரு தீபாவளி லீவில் சாவகாசமாக முடித்தார்கள். அந்த ஜூனில் ‘அனிமல் கிராசிங்’ தீவில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்களை நான் கேலி செய்ய மாட்டேன்.

இருட்டும் வேணும், மூச்சும் முட்டக்கூடாது. எதுல இருந்து தொடங்க?

‘ஹாலோ நைட்’. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஒரு சின்னக் குழு செய்தது, 2017. பூச்சிகளின் ராஜ்யம், செத்துப்போன நகரம், மழை. ஆனால் இருட்டுக்குள் எங்கோ ஒருவர் முணுமுணுத்துப் பாடும் சத்தம் கேட்கும். தரையில் காகிதம் சிதறிக்கிடக்கும். அதைப் பிடித்துக்கொண்டு போனால் வரைபடம் விற்கிற ஒரு குண்டுப் பூச்சி உட்கார்ந்திருக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் வரும் நிம்மதிக்காகவே விளையாடலாம். ஜாடியை உடைத்து, உள்ளே அடைபட்டு அழும் புழுக்குட்டிகளை வெளியே விட்டால் குஷியாகச் சத்தம் போட்டுவிட்டு அப்பாவிடம் ஓடும். உங்கள் கை பட்டு ஒரு அழுகை நிற்கிறது.

ஆங்கிலம் நன்றாக வாசிப்பவர்கள் ‘டிஸ்கோ எலிசியம்’ (2019) எடுக்கலாம். குடித்துத் தன் பெயரையே மறந்த போலீஸ்காரன், தோற்றுப்போன புரட்சியின் நகரம், ஒரு மரத்தில் ஒரு வாரமாக யாரும் கீழே இறக்காமல் தொங்கும் பிணம். கேட்கவே பயங்கரம். ஆனால் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். யாரும் கீழே இறக்காத அந்தப் பிணத்தை இறக்கி, அவன் யார் என்று கேட்பதுதான் கதையே. என் அளவுகோலுக்கு இதைவிடப் பொருத்தமான கேம் இல்லை.

நம்ம ஆளுகளப் பத்தி எதாச்சும் இருக்கா? சோகமா இருந்தாலும் பரவால்ல.

‘வெண்பா’. 2023-ல் வந்தது, கனடாவில் செய்தது. 1980-களில் அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பம்: வெண்பா, கணவர் பாவலன், மகன் கவின். அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டு கிழிந்து அழிந்து கிடக்கும். அழிந்த வரியை ஊகித்துச் சமைப்பதுதான் விளையாட்டு. முதல் பாடமே இட்லி. தட்டை எப்படி அடுக்குவது என்பதில் பெரிய பெரிய வீரர்கள் திணறியதைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் ஒருநாளாவது அடுப்படிக்குள் போயிருந்தால் தெரிந்திருக்கும். பின்னணியில் பழைய பாட்டு மாதிரிப் பாட்டுகள், தாளிக்கும் சத்தம். மகன் வளர வளர அம்மாவின் பாஷையிலிருந்து விலகிப் போகிறான். ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும். சண்டையே இல்லாத இந்தக் கேமில்தான் என் கடையில் அதிகம் பேர் கண்ணைத் துடைத்தார்கள். ஒருவரும் பாதியில் விடும் மனநிலைக்குப் போகவில்லை, அழுதுவிட்டு நேராக வீட்டுக்கு ஃபோன் போட்டார்கள். 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் அறிமுகக் கேம் விருதும் வாங்கியது.

மதுரைய வச்சு ஒரு இருட்டுக் கேம் எடுத்தா எப்படியிருக்கும்?

‘ஃப்ராஸ்ட்பங்க்’ மாதிரி வெயில்பங்க் என்று பெயர் வைக்கலாம். சித்திரை மாதம், வறண்ட வைகை, நடுவில் கொதிகலனுக்குப் பதில் ஒரு தண்ணீர் லாரி. எந்த வார்டுக்கு முதலில் அனுப்புவது என்று சட்டப் புத்தகம் கேட்கும். அதிருப்திக் கோடு எகிறிக்கொண்டே போகும்.

ஆனால் முழு இருட்டாக எடுக்க முடியாது. ராத்திரி இரண்டு மணிக்கு எங்காவது ஒரு புரோட்டாக் கடையில் தோசைக்கல் தட்டும் சத்தம் கேட்டுவிடும். அதை எடுத்துவிட்டால் மதுரை என்று யார் நம்புவார்கள்?

பாதியில விட்டா காசு வீண்தான?

போன காசு போனதுதான், மேலே நாற்பது மணி நேரத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டுமா? கணினிக் கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் வாங்கியிருந்தால் பதினான்கு நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பக் கேட்கலாம். இருட்டு கேம் என்று தெரிந்து வாங்கினால் அந்த இரண்டு மணி நேரத்தைக் கதைக்குள் செலவிடுங்கள், உங்கள் பாத்திரத்தின் முகத்துக்கு மூக்கு செதுக்கும் இடத்திலேயே ஒரு மணி நேரத்தைக் கரைத்துவிடாதீர்கள். டிஸ்க் என்றால் நல்ல நிலையில் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள், மாதம் ஆக ஆக விலை இறங்கும்.

விட்ட கேமை மறுபடி எடுக்கலாமா?

எடுக்கலாம். சேவ் ஃபைலை அழிக்காமல் வையுங்கள். ஆனால் பழைய சேவிலிருந்து தொடராதீர்கள், முதலிலிருந்து போங்கள். எந்த இடத்தில் விட்டீர்களோ அந்த இடம் இரண்டாம் தடவை வரும்போது என்ன நடக்கும் என்று தெரிந்திருக்கும், பாதிப் பயம் அதிலேயே போய்விடும். ஞாயிற்றுக்கிழமை பகலில், ஜன்னலைத் திறந்துவைத்து, ஒரு மணி நேரம் மட்டும். அப்போதும் முடியவில்லை என்றால் முடிவை யூடியூபில் பார்த்துவிடுங்கள். அது ஏமாற்று வேலை என்று சொல்கிற நண்பனிடம் கன்ட்ரோலரைக் கொடுத்து, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாலும் சரிதான்.